இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு வீட்டு இணையத்தை வயர்லெஸ் மூலம் கொண்டுபோக முடியுமா? பெரிய ஆன்டெனா வாங்கினால் போதுமா?

முடியும். ஆனால் ஆன்டெனாவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை முதலில் ஜிஐ பைப்புக்கு எடுத்து வையுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. 2 கிலோமீட்டர் தள்ளியுள்ள கொப்பரை உலர்களத்துக்கு வரவில்லை. அங்கே நான்கு கேமராவும் பில் போட ஒரு கணினியும் ஓட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும், 23 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் அளவு) கொண்ட டிஷ் வகைக் கருவிகள் இரண்டை வாங்கினேன். அந்த அலைவரிசையில் இத்தகைய கருவிகளுக்கு 2018 முதல் இந்தியாவில் உரிமம் தேவையில்லை. கருவியின் செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று சரியாகத் தேர்வு செய்துவிடுங்கள்.

வாங்கியதும் கூரை மேல் ஏறிவிடாதீர்கள். முதலில் காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். 2 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடப்பதற்குள் சிக்னல் ஏறக்குறைய 114 டெசிபல் இழக்கும். நான் அனுப்பும் திறனை 13 டிபிஎம் (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) என்று வைத்திருந்தேன். இரண்டு ஆன்டெனாக்களின் 46-ஐ அதோடு கூட்டி 114-ஐக் கழித்தால் எதிர்முனையில் மைனஸ் 55 வர வேண்டும். மைனஸுக்குப் பின் வரும் எண் சிறியதாக இருந்தால் சிக்னல் வலுவானது. எனக்கு முதல் நாள் வந்தது மைனஸ் 73. இணைப்பு கிடைத்துவிட்டது, வீடியோவும் ஓடியது. கணக்குப் போடாதவன் அங்கேயே போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கியிருப்பான். டிஷ்ஷுக்கு நேர் முன்னே ஒரு முதன்மைக் கற்றையும், பக்கவாட்டில் பலவீனமான சில கற்றைகளும் உண்டு. நான் பிடித்திருந்தது பக்கக் கற்றையை. எலக்ட்ரீஷியன் அண்ணன் களத்துக் கூரையில் டிஷ்ஷை விரல்கடை அளவு திருப்புவார், நான் வீட்டு மாடியில் போனைக் காதில் வைத்தபடி எண்ணைப் படிப்பேன். மைனஸ் எண்பதுக்கு இறங்கி இணைப்பே அறுந்தது. "போய்விட்டதே தம்பி, பழைய இடத்துக்கே திருப்பட்டுமா?" என்றார். "இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்கள் அண்ணா" என்றேன். சட்டென்று 58 வந்தது. மேலும் கீழும் சற்று அசைத்ததில் 56. அதற்குமேல் ஆசைப்படவில்லை.

இது மார்ச் மாதக் கதை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அதே எண் 60-க்கும் 78-க்கும் இடையே ஊஞ்சல் ஆடியது. மழைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். 5 கிகாஹெர்ட்ஸில், இவ்வளவு குறைந்த தூரத்தில் மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. நடுவழியில் ஓர் இளந்தோப்பு இருந்தது. நனைந்து, காற்றில் ஆடிய அதன் தென்னை ஓலைகள்தான் சிக்னலைக் குடித்தன.

பைனாகுலரில் பார்த்தபோது எதிர்முனை பளிச்சென்று தெரிந்ததே என்றால், அங்கேதான் நானும் ஏமாந்தேன். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. பார்வைக்கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் அதற்கு இடம் வேண்டும். ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். நம் தூரத்துக்கு நடுவழியில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது 3 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் கோட்டுக்கும் ஓலை நுனிக்கும் ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை.

ஆகவே பைப்பை உயர்த்தினோம். ஒரு முனையில் மட்டும் 10 அடி ஏற்றினால் நடுவில் கோடு 5 அடிதான் உயரும். இரண்டு முனையிலும் 10 அடி ஏற்றி, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டினோம். பைப் ஆடினால் டிஷ்ஷும் ஆடும், கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த மழைக்காலம் முழுவதும் எண் 57-ஐ விட்டு அசையவில்லை.

மற்றவை சுலபம். இரண்டு கருவிகளையும் பிரிட்ஜ் முறையில் (நீண்ட கேபிள் போல இரு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைப்பது) வையுங்கள், ஐபி முகவரி வழங்கும் வேலை வீட்டு ரௌட்டருக்கு மட்டுமே இருக்கட்டும். சேனல் அகலம் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போதும். 80 வைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் வாரிக்கொள்வீர்கள். வெளியே போவது வெயில் தாங்கும் கேபிளாக இருக்கட்டும். ஐப்பசி இடிக்கு முன்னால் பைப்புக்கு எர்த்தும், கேபிளுக்கு சர்ஜ் தடுப்பானும் போட்டுவிடுங்கள். நான் கார்த்திகையில்தான் போட்டேன், அதற்குள் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் கருகியிருந்தது.

2 கிலோமீட்டரை நினைத்து மலைக்க வேண்டாம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களில் உள்ள அதன் பார்வை மையங்களையும், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே வைஃபையின் நெடுந்தூர வடிவத்தில்தான் இணைத்தார்கள். ஊரில் இருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். வெனிசுவேலாவில் 2007-ல் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் எட்டினார்கள். அங்கே நடுவில் தென்னை இல்லை.

எங்கள் இளந்தோப்பு இப்போதும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த மே மாதம் இன்னும் 5 அடி பைப் வாங்க வேண்டியிருக்கும்.