குட்டிக் கை அச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு நாலு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன். ராயபுரத்தில் இருக்கும் மாமியாருக்கு கிறிஸ்துமஸ் பரிசாக இரண்டு பேரின் கை அச்சையும் கொடுக்க ஆசை. போன வருஷம் மைதா மாவில் செய்தேன். முதலில் வெடிப்பு விட்டது, அப்புறம் மழை பிடித்ததும் நசநசவென்று ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மைதாவையே வைத்துக்கொள்ளலாம், காயவைக்கிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் ஏறக்குறைய 1 கப், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சப்பாத்தி மாவைவிடச் சற்றே கெட்டியாகப் பத்து நிமிஷம் அழுத்திப் பிசையுங்கள். கல் உப்பு போட்டால் அச்சு முழுக்கக் குழிகுழியாகத் தெரியும். 1 செ.மீ. தடிமனுக்குத் தேய்த்தால் போதும்.

மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அதனால்தான் வெடிப்பு. ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருந்தால் 100 டிகிரியைத் தாண்டாமல் 2, 3 மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு வையுங்கள். இல்லையென்றால் கம்பித் தட்டில் வைத்து ஃபேன் காற்றில், காலையும் மாலையும் திருப்பிவிட்டு, நிழலிலேயே காயட்டும். டிசம்பர் ஈரத்தில் ஒரு வாரம்கூட ஆகும் என்பதால் மாதம் பிறந்ததுமே தொடங்கிவிடுங்கள். காய்ந்ததும் வார்னிஷ் அடிப்பதை விடவே கூடாது, ஏனென்றால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உங்கள் பக்கம் கடல் வேறு கிட்டத்தில். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், கயிறு கோர்க்கிற ஓட்டையின் உட்புறம் எல்லாவற்றிலும் இரண்டு கோட்டிங்.

அக்காவை முதலில் அழுத்தச் சொல்லுங்கள், அதைப் பார்த்தால் தம்பி தானாகவே கையை நீட்டுவான். சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். முதலில் உள்ளங்கை, அப்புறம் ஒவ்வொரு விரலாக மேலிருந்து லேசாக அழுத்த வேண்டும். சரியாக வராவிட்டால் உருட்டி மறுபடி தேய்த்துக்கொள்ளலாம், அவன் அழுதால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மாவில் அத்தனை உப்பு இருப்பதால் சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து, வீட்டு நாய்க்கும் அப்படித்தான். பின்பக்கம் பல்குச்சியால் பெயர், வயது, தேதி மூன்றையும் ஈரத்திலேயே எழுதிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து மாமியார் அதைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்.

கேள்வி: பொங்கலுக்கு ஊரிலிருந்து வரும் என் அப்பாவுக்கு, மாவில் இல்லாமல் நிஜக் களிமண்ணில் பேத்தியின் கையைப் பதித்துக் கொடுக்க நினைக்கிறேன். முடியுமா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: தாராளமாக. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல பொங்கல் பரிசு கிடையாது. கொசப்பேட்டை உங்களுக்குப் பக்கம்தானே, பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்கிறவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கேளுங்கள். சூளையில் சுட்டுத் தர முடியுமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், பொங்கல் நெருங்கினால் பானை வேலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சுடாத களிமண் எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், கீழே விழுந்தால் தூள்தான்.

பதித்த பலகையை ஈரத்துணியால் லேசாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூளைச் சூட்டில் ஆவி கிளம்பிச் சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும், பக்கத்தில் வைத்த அவர்கள் பானைகளுக்கும் அதனால் சேதம் வரும். இன்னொன்று, மண் காயும்போதும் சுடும்போதும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். அச்சு பேத்தியின் கையைவிடச் சின்னதாக இருந்தால் பதறாதீர்கள்.

கேள்வி: எங்கள் விளையாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் எல்லோருக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கை அச்சு எடுத்துப் பெற்றோருக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். விலையும் குறைவு. சரியா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: பிள்ளைகளின் கையை அதில் வைக்கவே வைக்காதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது தானாகவே சூடாகும், 60 டிகிரி வரை போகும், உள்ளே மாட்டிய கையை எடுக்கவும் வராது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி பிளாஸ்டருக்குள் கையை விட்டு, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். இதை மற்ற ஆசிரியைகளிடமும் தயவுசெய்து சொல்லுங்கள்.

பிளாஸ்டர்தான் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. மெத்தென்ற களிமண்ணில் பிள்ளை கையைப் பதித்து எடுத்ததும், கழுவி வெளியே அனுப்பிவிடுங்கள். பதிந்த குழியைச் சுற்றி மண்ணாலேயே ஒரு வரப்பு கட்டி, பெரியவர் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு கலக்கி ஊற்றட்டும். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பொடியைத் தூவிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் பொறுத்து மண்ணை உரித்தால் கை மேடாக எழும்பி நிற்கும், ரேகைகூடத் தெரியும். மிச்சத்தை சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும், பழைய வாளியில் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை, கையை விரிக்கவே மாட்டேன் என்கிறது.
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: உள்ளங்கையில் எது பட்டாலும் மூடிக்கொள்வது அந்த வயதின் இயல்பு, ஐந்தாறு மாதத்தில் போய்விடும். புறங்கையை மெல்லத் தடவினால் சில குழந்தைகள் விரிக்கும். விரிக்காவிட்டால் விரலைப் பிரித்து இழுக்காமல் பாதத்தைப் பதித்துவிடுங்கள், தூங்கும்போதே எடுத்துவிடலாம்.