சியெம் ரீப்பில் அரை நாள்

அன்புள்ள ஐயா,

கோவையில் சுற்றுலா மேலாண்மை முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எங்கள் வகுப்பிலிருந்து 22 பேர், இரண்டு பேராசிரியர்களுடன் ஒன்பது நாள் கல்விப் பயணமாகக் கம்போடியா போய்வந்தோம். உலகச் சுற்றுலா என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் நேரில் பார்த்தேன். அங்கோர் வாட் கோயிலில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளக்கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டேன். அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மறக்கவே முடியாதது, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஓர் அனாதை இல்லத்தில் கழித்த அரை நாள். பயணத் திட்டத்தில் 'சமூகத் தொடர்பு' என்று போட்டிருந்தது. போரில் பெற்றோரை இழந்த குழந்தைகள் என்று வழிகாட்டி சொன்னார். ஆறு வயது, எட்டு வயது இருக்கும். நுழைந்த இரண்டாவது நிமிடமே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நடனம் ஆடிக் காட்டினார்கள். பென்சிலும் சாக்லேட்டும் கொடுத்தோம். கிளம்பும்போது ஒரு சின்னப் பெண் என் துப்பட்டாவை விடவே இல்லை. பஸ்ஸில் எல்லோரும் அழுதோம். கெமர் குழந்தைகளுக்குத்தான் எவ்வளவு அன்பு!

மூன்று கேள்விகள். இவ்வளவு கூட்டம் அங்கோரை அழித்துவிடாதா? அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் சோழர்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்களே, உண்மையா? பயண அறிக்கையை வெறும் புள்ளிவிவரமாக இல்லாமல் இலக்கியமாக எழுதுவது எப்படி? இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்
ம.

*

அன்புள்ள ம.,

சோழர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசன் கட்டியது அது. பெயர் வர்மனில் முடிந்தால் ஆள் காஞ்சிபுரத்துக்காரன் ஆகிவிட மாட்டான். கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. அந்த உறவு போதாதா? அடுத்தவன் கோயிலையும் பட்டா போட்டுக்கொள்ள வேண்டுமா?

கூட்டத்தைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறீர்கள். அதில் 24 பேர் உங்கள் ஆட்கள். சரி, விடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்த அனாதை இல்லப் பத்திதான் காரணம். சமீபத்தில் நண்பர் ஒருவர், பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு ஹோமில் மதியச் சாப்பாடு போடுகிறோம், அவசியம் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலையும் சேர்த்து இதில் எழுதுகிறேன். குரல் கொஞ்சம் உயர்ந்தால் பாதி அவருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போரில் பெற்றோரை இழந்த குழந்தைகள் என்று வழிகாட்டி சொன்னாரா? கம்போடியாவில் மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற போல் பாட் ஆட்சி விழுந்தது 1979 ஜனவரியில். அதில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த கைக்குழந்தைக்குக்கூட இன்று நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு உள்ளே இழுத்துக்கொண்டிருந்த சண்டையும் 1990களின் முடிவோடு ஓய்ந்துவிட்டது. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு எட்டு வயது. முதுகலை படிக்கும் 22 பேரில் ஒருவருக்காவது இந்தக் கழித்தல் கணக்கு தோன்றவில்லையா?

இன்னொரு கணக்கு. 2005இல் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 154. 2010இல் 269. போர் முடிந்து, நாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தலையெடுத்து வந்த காலம் அது. பெற்றோரை இழப்பவர்கள் குறைய, அவர்களுக்கான இல்லங்கள் மட்டும் எப்படிப் பெருகும்? அதே ஐந்தாண்டில் அங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை சுமார் 14 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் பாடமே அதில் இருக்கிறது. அந்த நாட்டுச் சமூக நல அமைச்சகமும், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெப்பும் 2011இல் ஆய்வறிக்கை வெளியிட்டபோது, இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வறுமையாலும், பிள்ளை அங்கேயாவது படிக்கட்டும் என்ற நினைப்பாலும் கொண்டுவந்து விட்டவர்கள். பிள்ளை இருந்தால் பார்க்க ஆள் வரும், ஆள் வந்தால் பணம் வரும், பணம் வர இன்னும் பிள்ளைகள் வேண்டும். இதைத் தேவையும் வழங்கலும் என்று முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பீர்கள்.

அதே 2011இல் பிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு சுவரொட்டி போட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தைகள், வெளியே நின்று படமெடுக்கும் பயணிகள். குழந்தைகள் ஒன்றும் சுற்றுலாத் தலம் அல்ல என்பதுதான் வாசகம். ஆஸ்திரேலியாவில் 2017இல் ஒரு நாடாளுமன்றக் குழு நவீன அடிமைமுறையை விசாரித்தபோது அனாதை இல்லச் சுற்றுலாவையும் அதில் சேர்த்தது. இதையெல்லாம் பாடமாக நடத்துகிற துறையிலிருந்து போன பேராசிரியர்கள் ஏன் அந்த அரை நாளைத் திட்டத்திலிருந்து அடிக்கவில்லை? கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள்.

எனக்கு நிஜமாகவே சுருக்கென்றது அந்தக் கடைசி வரி. கெமர் குழந்தைகளுக்குத்தான் எவ்வளவு அன்பு என்கிறீர்கள். உங்கள் அக்கா பிள்ளை முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வந்தால் என்ன செய்கிறது? அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கும். பத்து நிமிடம் கழித்துத்தான் பக்கத்தில் வரும். ஒளிந்துகொள்ளச் சேலை இல்லாத பிள்ளைதான் இரண்டாவது நிமிடத்தில் கழுத்தைக் கட்டும். அதற்கு யாரும் நிலையில்லை, வருகிறவரெல்லாம் போய்விடுவார்கள் என்று தெரிந்துபோயிருக்கும். கிடைத்த நேரத்தில் கிடைத்த கழுத்து. துப்பட்டாவைப் பிடித்த அந்தக் கை உங்களுக்கு முந்தின குழுவிடமும் அதையே செய்திருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அப்படிக் கட்டிக்கொண்டவன்.

ஏழு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனாள். என்னை இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் ஒரு ஹோமில் சேர்த்தார்கள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கலாம். ஒரு இரண்டாம் ஞாயிறு வெள்ளைக்காரர்கள் ஒரு வேனில் வந்துவிட்டார்கள். அவர்கள் வருவது காலையில்தான் வார்டனுக்கே தெரிந்தது. எங்களுக்கு அவசர அவசரமாகப் பவுடர் பூசினார்கள். அனாதைகள் என்று சொல்லி வைத்திருந்ததால், வந்திருந்த அம்மாக்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோரையும் சமையல்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். நாலைந்து பேர் இருக்கும். என் அம்மாவும்.

நான் முன்வரிசை. முன்பல் விழுந்திருந்தது, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று எப்போதும் முன்னால்தான் நிறுத்துவார்கள். பாடி முடித்ததும் ஓர் அம்மாள் குனிந்தார். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கட்டிக்கொண்டால் கேமரா வரும், கேமரா வந்தால் மிட்டாய் டப்பா முதலில் என் பக்கம் நீளும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். அந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர். அவர் தோளுக்கு மேலே சமையல்கட்டு ஜன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

வேன் போனபோது அம்மாவின் நாலரை பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். தாளில் எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. முந்தானையால் என் பவுடரைத் துடைத்துவிட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. "அந்தம்மா என்ன சோப்பு போடுதாகளோ, நல்ல வாசனையாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வார்டன் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்திருந்த மனிதர். அந்த ஹோம் இல்லாவிட்டால் நானும் கட்டை அடுக்கத்தான் போயிருப்பேன். இந்தப் பதிலை எழுத எழுத்தும் தெரிந்திருக்காது. வெள்ளைக்கார அம்மாளும் உங்களைப் போல நல்ல மனதோடுதான் வந்தார். இப்படிப்பட்ட விஷயத்தைத் திட்டுவதும் கஷ்டம், திட்டாமல் விடுவதும் கஷ்டம். ஒரு குழந்தையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கிற செலவில் ஒரு பகுதி என் அம்மா கையில் கிடைத்திருந்தால் நான் அவளோடேயே இருந்து படித்திருப்பேன். ஆனால் அம்மாவோடு இருக்கிற பையனைப் பார்க்க யார் வேன் வைத்து வரப்போகிறார்கள்?

சுற்றுலா என்றாலே கேடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலின் முன்னோடி தாமஸ் குக் 1841 ஜூலையில் ஏறத்தாழ 500 பேரை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டிப்போனது மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான். இந்தத் தொழில் நற்பணியோடு ஒட்டிப் பிறந்தது, இன்னும் பிரிக்க முடியவில்லை. நற்பணியை ஒழுங்காகச் செய்தவர் அதே சியெம் ரீப்பில் இருந்தார். பேயட் ரிக்னர், சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர். காந்தா போபா என்ற பெயரில் இலவசக் குழந்தைகள் மருத்துவமனைகள் நடத்தினார். சனிக்கிழமை மாலைகளில் அங்கே செல்லோ என்ற, வயலின் போன்ற பெரிய வாத்தியத்தை வாசிப்பார், கேட்கக் காசில்லை. வாசித்து முடித்ததும் வந்திருக்கும் பயணிகளிடம் கையேந்துவார். இளைஞர்களிடம் ரத்தம், வயதானவர்களிடம் பணம், நடுவயதுக்காரர்களிடம் இரண்டும். தன்னை மேடையில் காட்டினார், தன் நோயாளிக் குழந்தைகளை ஆடவிட்டுக் காட்டவில்லை. 2018இல் இறந்துபோனார். உங்கள் அங்கோர் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள், உங்கள் முகமே அச்சடித்திருக்குமே. அந்த 37 டாலரில் இரண்டு டாலர் அந்த மருத்துவமனைக்குத்தான் போனது. ஒரு குழந்தையின் கழுத்தையும் தொடாமல் நீங்கள் செய்த உதவி அது. உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

அறிக்கையை இலக்கியமாக எழுதுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். இலக்கியம் இருக்கட்டும், முதலில் அந்த அரை நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதைத் திட்டத்தில் போட்டது யார், கல்லூரியா ஏஜென்டா? கட்டிய பணத்தில் எவ்வளவு எங்கே போனது? உங்கள் பெண்கள் விடுதிக்குள் கூடப்பிறந்த அண்ணனையே கேட்டுக்கு இந்தப் பக்கம் விடமாட்டார்கள், ரிஜிஸ்டரில் கையெழுத்து வேறு. அங்கே 24 அந்நியர்கள் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குள் போனபோது யாராவது பெயர் கேட்டார்களா? அந்தக் குழந்தைகளை வீட்டிலிருந்து பார்க்க வருகிற நாள் எது?

சூரிய உதயப் படம் நன்றாக வந்திருக்கிறது, தளத்தில் போட்டிருக்கிறேன். குழந்தைகள் இருக்கும் மற்றதைப் போடவில்லை. நீங்களும் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அறிக்கை முடிந்ததும் அனுப்புங்கள், எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

அன்புடன்.