வெயில் ஏறினால் கேஸ் ஸ்னைப்பர் குறி மாறுவது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் காலையில் நேராக அடிக்கும் கேஸ் ஏர்சாஃப்ட் ஸ்னைப்பர் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), மதியம் குண்டை மேலே தூக்குகிறது. பேரலை மாற்றணுமா?

வேண்டாம், பேரல் மேல் தப்பில்லை. இதன் மெகசினில் நிரப்பும் கிரீன் கேஸ் பெரும்பாலும் புரொப்பேன்தான். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 8 பார். 40 டிகிரியில் 13-ஐத் தாண்டிவிடும். நம்ம ஊர் மே மாத வெயிலில் கிடந்த மெகசின் கையைச் சுடும். அழுத்தம் ஏற ஏற வேகம் ஏறும், பேரலில் குண்டை உரசும் ஹாப்-அப் ரப்பர் தரும் பின்சுழற்சியும் கூடும், குண்டு எகிறும். மெகசினை நிழலில் வையுங்கள். அழுத்தம் குறைந்த 134ஏ கேஸும் கோடைக்குத் தோதானது.

டியூனிங்கை விளையாடும் நேரத்துச் சூட்டிலேயே செய்யுங்கள். 0.20 கிராம் குண்டில் ஜூல் (குண்டின் ஆற்றல்) பார்த்துவிட்டு 0.40 போடுவது ஆபத்து. கேஸ் துப்பாக்கியில் கனமான குண்டு கூடுதல் ஜூலோடு வெளியேறலாம். எதிரே நிற்பவர் கண் முக்கியம்.

கேஸ் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் போதும். தையல் மிஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சில ரப்பர் ஊதிப்போகும். ஹாப்-அப் ரப்பரில் மட்டும் துளிப் பிசுக்கும் படக்கூடாது. பட்டால் ஒவ்வொரு குண்டும் ஒரு பக்கம் போகும். செம்மண் புழுதியில் ஆடினால் அன்றைக்கே ஐசோபுரொப்பைல் தொட்ட துணியால் பேரலைத் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியை விடுங்கள். மெகசினில் கொஞ்சம் கேஸ் விட்டே எடுத்து வையுங்கள், சீல் இறுகி நிற்கும்.