மூட்டு மாற்று அறுவைக்குப் பின் சிறுநீர் அடைப்பு: குழாயோடு வீடு திரும்பியவரைக் கவனிப்பது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கதீட்டரை (சிறுநீர் வெளியேறப் போட்டிருந்த குழாயை) எடுத்ததும் சிறுநீர் பிரியவில்லை. மறுபடி குழாய் போட்டு, டாம்சுலோசின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிட்னி கெட்டுவிட்டதா? இனி எப்போதும் குழாய்தானா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. குழாயோடு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பை நிறைகிறது என்றால் கிட்னி சிறுநீரைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. சுருங்கி வெளியே தள்ள வேண்டிய சிறுநீர்ப்பைதான் சோர்ந்துபோயிருக்கிறது.

முதுகில் போடும் மயக்க ஊசி கால்களோடு சேர்த்துச் சிறுநீர்ப்பை நரம்புகளையும் மரத்துப்போகச் செய்யும். கால் அசைய ஆரம்பித்த பிறகும் சிறுநீர்ப்பை விழித்துக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். ஊசியில் மார்ஃபின் கலந்திருந்தால் இன்னும் தாமதம். அதற்குள் டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக 400-500 மில்லி சேர்ந்தாலே முட்டும். உணர்வில்லாமல் 700, 800 என்று சேரும்போது, இழுத்துத் தளர்ந்த எலாஸ்டிக் போலத் தசை சுருங்கும் வலுவை இழந்துவிடும். இந்த வயதில் பிராஸ்டேட் வீக்கமும் வலி மாத்திரைகளால் வரும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கின்றன. மலச்சிக்கலை யாரும் பொருட்படுத்துவதில்லை. குழாயை எடுப்பதற்கு முன் வயிறு சுத்தமாகப் போயிருக்க வேண்டும் என்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும், அலர்ஜிக்கான பழைய ரக மாத்திரைகளும் அடைப்பைக் கூட்டும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

டாம்சுலோசின் பிராஸ்டேட்டையும் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் தளர்த்தும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தையும் இறக்கும். புது மூட்டோடு தலைசுற்றி விழுவது பெரிய ஆபத்து. இரவு சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். எழும்போது கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாக்கரைப் பிடிக்கட்டும். பின்னாளில் கண்புரை அறுவை என்றால் இந்த மாத்திரை சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் அதிகம் தவறு நடப்பது குழாயில் மாட்டிய பையில்தான். பிசியோதெரபி செய்யும்போது பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துவிடுவார்கள். அதிலிருக்கும் பழைய சிறுநீர் குழாய் வழியே உள்ளே திரும்பும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். நடக்கும்போது வாக்கரின் கீழ்க்கம்பியில் மாட்டலாம். முக்கால் பங்கு நிறையும்வரை விடாமல் காலி செய்யுங்கள். குழாயை அறுவை செய்யாத இடது தொடையில், சற்றுத் தளர்வாக விட்டு பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள். குழாய் நுழையுமிடத்தை தினம் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியிருந்தால் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுகிவிடும்.

குழாய் இருக்கும்போது சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் தெரிவது சகஜம். காய்ச்சலோ குளிரோ இல்லாதபோது அந்த ரிப்போர்ட்டுக்காக ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. ஆனால் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. அது ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார்ந்தால் பெரிய தலைவலி. அதனால் 'எந்தத் தேதியில் எடுப்பீர்கள்?' என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை ஆரம்பித்து 2, 3 நாள் கழித்து குழாயை எடுத்துப் பார்ப்பது வழக்கம். காலையில் எடுப்பது நல்லது. மறுபடி அடைத்தால் பகலிலேயே கவனிக்கலாம். உள்ளே பலூனில் சுமார் 10 மில்லி தண்ணீர் இருக்கும். அதை சிரிஞ்சில் உறிஞ்சிய பிறகே குழாய் வர வேண்டும்; வீட்டில் இழுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மளமளவென்று 2 லிட்டர் குடித்தால் சிறுநீர்ப்பை மறுபடி அளவு மீறி விரியும். படுத்தபடி பாட்டிலில் முயல்வதைவிட, பிடித்து நிற்கவைத்தோ வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரவைத்தோ முயலலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று எழுதுங்கள். போன பிறகு ஸ்கேனில் மிச்சம் 150 மில்லிக்குள் இருந்தால் நிம்மதி. 300-ஐத் தாண்டினால் மறுபடி குழாய் போட்டுச் சிறுநீர்ப்பாதை நிபுணரிடம் (யூராலஜிஸ்ட்) காட்ட வேண்டியிருக்கும். அப்போதும் ஓரிரு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி முயல்வார்கள்.

எடுத்து 6 மணி நேரமாகியும் போகவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாகப் போய் அடிவயிறு கல் போல இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். குழாய் இருக்கும்போதே பையில் 3, 4 மணி நேரம் எதுவும் வராவிட்டால், முதலில் தொடைக்கடியில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றாலோ, ரத்தக்கட்டி வந்தாலோ, குளிர்க்காய்ச்சல் அடித்தாலோ இரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.