வாரிசு சரியில்லாததால்தான் பழைய பேரரசுகள் விழுந்தனவா?

பாதிதான் சரி என்பேன். திறமையில்லாத பிள்ளை எந்த ராஜ வம்சத்திலும் பிறப்பான். அதற்காக எல்லா ராஜ்யமும் உடனே கவிழ்ந்துவிடவில்லை. என்னைக் கேட்டால், அடுத்தது யார் என்பது ராஜா உயிரோடு இருக்கும்போதே ஊரறிய முடிவாகாமல் போவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. சீனாவின் சின் பேரரசை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியாக இருந்த ஆறு நாடுகளையும் ஜெயித்து கி.மு. 221-இல் சீனாவை ஒன்றாக்கியவர்கள், கி.மு. 206-இல் இல்லாமலே போனார்கள்.

முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்குக்குச் சாவு என்ற பேச்சே ஆகாது. சாகாவரம் தரும் மருந்து தேடிக் கடலுக்கு ஆள் அனுப்பிய மனிதர். அவரிடம் போய் "உங்களுக்கு அப்புறம் யார்?" என்று எந்த மந்திரி வாயைத் திறப்பார்? இருபதுக்கும் மேற்பட்ட ஆண்பிள்ளைகள் இருந்தும் பட்டத்து இளவரசர் என்று ஒருவரையும் அறிவிக்கவில்லை. மூத்தவர் ஃபூசு, அப்பா அறிஞர்களைத் தண்டித்ததைத் தட்டிக் கேட்டார் என்று வடக்கு எல்லைக்கு அனுப்பப்பட்டிருந்தார். அங்கே தளபதி மெங் தியனின் கீழ் 3 லட்சம் பேர் கொண்ட படை.

கி.மு. 210 கோடையில், சுற்றுப்பயணம் போன இடத்தில் பேரரசர் இறந்தார். சாகும் முன் ஃபூசுவைத் தலைநகருக்கு வரச் சொல்லி எழுதிய கடிதம், முத்திரையைக் கையில் வைத்திருந்த ஜாவ் காவிடம் மாட்டியது. அவர், பேரரசர் கூடவே வந்திருந்த கடைசிப் பிள்ளைகளில் ஒருவனான ஹூஹாயை, கடிதத்தை மறைத்துவிட்டுத் தானே பட்டத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தார். பிரதம மந்திரி லீ ஸீ முதலில் மறுத்தார். "ஃபூசு வந்தால் உங்கள் பதவி மெங் தியனுக்குத்தான் போகும்" என்றதும் மசிந்துவிட்டார்.

அடுத்து நடந்தது கொஞ்சம் அருவருப்பானது. சாவை மறைக்க, பிணத்தை மூடிய வண்டியில் வைத்து, வேளா வேளைக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். வண்டிக்குள்ளிருந்த, ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர் ஒருவர் பேரரசர் பெயரால் மனுக்களுக்கு உத்தரவும் சொன்னார். வெயிலில் நாற்றம் கிளம்பியதும், கூட வந்த வண்டிகளில் கருவாட்டை ஏற்றச் சொன்னார்கள். விஷயம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். உலகத்தையே கட்டி ஆண்ட மனிதரின் வாரிசு, கருவாட்டு வண்டிகளுக்கு நடுவே தீர்மானமானான்!

ஃபூசுவுக்குப் போனது வேறு கடிதம்: தற்கொலை செய்துகொள் என்ற கட்டளை. "இது உண்மைதானா என்று விசாரித்துவிட்டுச் சாகலாமே" என்று மெங் தியன் கெஞ்சினார். அப்பா சாகச் சொன்ன பிறகு மறுபடி கேட்பதாவது என்று ஃபூசு உயிரை விட்டார். முறைப்படி இளவரசர் பட்டம் கட்டியிருந்தால் ஒரு துண்டுக் கடிதத்தில் காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

இதெல்லாம் ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அடுத்து வந்த ஹான் பேரரசுக் காலத்தில் வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியது. பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த பழைய மூங்கில் சுவடிகளில் கதை வேறு மாதிரி. அதில் பேரரசரே ஹூஹாய்க்குச் சம்மதிக்கிறார். அதுவே உண்மையாக இருந்தாலும், முடிவு மரணப் படுக்கையில், வழிப்பயணத்தில்தான் எடுக்கப்படுகிறது.

பின்வாசல் வழியாகப் பட்டத்துக்கு வந்தவனுக்கு உடன்பிறந்தவர்கள் எல்லாருமே எதிரி. ஹூஹாய் அண்ணன்மார், அக்காமார் என்று பார்க்காமல் கொன்றுதீர்த்தான். லீ ஸீயும் கி.மு. 208-இல் ஜாவ் காவின் சூழ்ச்சியில் கொல்லப்பட்டார். ஆதரிக்க ஆளே இல்லாத அரண்மனை.

வரியும் கட்டாய வேலையும் மக்களை நசுக்கின, கலகம் அதனால்தான் வந்தது என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் கி.மு. 209-இல் முதலில் கிளம்பிய சென் ஷெங்கும் வூ குவாங்கும் யார் பெயரைச் சொல்லி ஆள் சேர்த்தார்கள் தெரியுமா? ஃபூசுவின் பெயரை! நியாயமாக ஆளவேண்டியவர் அவர், அவர் செத்ததே பலருக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டார்கள். எல்லைக் காவலுக்கு இழுத்துப்போகப்பட்ட 900 பேருக்குள் தொடங்கிய கலகம் அது. கி.மு. 207-இல் ஜாவ் காவ் ஹூஹாயையும் சாக வைத்தார். அடுத்து வந்த ஸீயிங் பேரரசர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வெறும் அரசராக 46 நாள் இருந்துவிட்டு, கலகப் படைத் தலைவர்களில் ஒருவரான லியூ பாங்கிடம் சரணடைந்தார்.

அந்த லியூ பாங் ஹான் பேரரசைத் தொடங்கினார். சண்டை முடியும் முன்பே மகன் லியூ யிங்கைப் பட்டத்து இளவரசர் என்று அறிவித்தவர், கி.மு. 195-இல் ஆசை நாயகியின் மகனுக்காக அதை மாற்றப் பார்த்தார். ஷூசுன் தொங் என்ற அதிகாரி குறுக்கே நின்றார். ஹூஹாயின் சபையிலேயே இருந்தவர் அவர். ஃபூசுவை முன்கூட்டியே நியமிக்காததால் சின் வம்சம் அழிந்ததை நீங்களே கண்ணால் பார்த்தீர்களே, மாற்றுவதென்றால் முதலில் என்னை வெட்டுங்கள் என்றார். லியூ பாங், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளித்துப் பின்வாங்கினார். லியூ யிங் ஒன்றும் பெரிய வீரர் இல்லை. ஏழு வருடம் பெயருக்கு ஆண்டார், அதிகாரம் முழுக்க அம்மா லூ கையில். அப்படியும் ஹான் பேரரசு, நடுவில் ஒரு முறை அறுபட்டாலும், ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஓடியது.