இரண்டாண்டுப் பட்டம்: கட்டணம் சிறிது, செலவு பெரிது

கேள்வி: நான் தமிழ்நாட்டில் பி.காம். முடித்தவன், வயது 34. கிரீன் கார்டு பெற்று நான்கு ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். ஒரு கிடங்கில் மணிக்கு 20 டாலர் சம்பளத்தில் வேலை. அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் எக்ஸ்ரே தொழில்நுட்பத்தில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் படிக்க நினைக்கிறேன். "மூன்று வருடப் பட்டம் கையில் இருக்கும்போது இரண்டு வருடப் பட்டத்துக்குப் பணம் கட்டுவானேன்?" என்கிறார் என் மைத்துனர். செலவுக்கு ஏற்ற பலன் இருக்குமா?
— வாசகர், கலிஃபோர்னியா

பதில்: தங்கள் மைத்துனர் பட்டங்களை ஆண்டுக் கணக்கில் அளக்கிறார், வேலை கொடுப்பவர்கள் அப்படி அளப்பதில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவியை இயக்க உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கான பயிற்சியை பி.காம். தருவதில்லை.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை அளக்கும் அலகு ஒன்றுக்கு, 46 டாலர். பட்டத்துக்கு 60 யூனிட் என்று கொண்டால் மொத்தம் 2,760 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலத்தின் பிராமிஸ் கிராண்ட் திட்டத்தில் இந்தக் கட்டணமே தள்ளுபடியாகும். ஆனால் மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு அந்த உதவி கிடையாது. தங்கள் இந்தியப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்கு இணையானதா என்பதைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகமே தீர்மானிக்கும். ஆகவே சேர்வதற்கு முன்பே மதிப்பெண் பட்டியலுடன் நேரில் சென்று கேட்டுவிடுங்கள்.

உண்மையான செலவு கட்டணத்தில் இல்லை, விட்டுக்கொடுக்கும் சம்பளத்தில் இருக்கிறது. மணிக்கு 20 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 41,600 டாலர். வேலையை முழுவதும் விட்டுவிட்டு இரண்டு ஆண்டு படித்தால் 83,200 டாலர் போகிறது, அதாவது கட்டணத்தைப் போல முப்பது மடங்கு. இந்தப் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி பெரும்பாலும் வாரநாட்களில் பகலில்தான் நடக்கும். அதற்குச் சம்பளமும் பொதுவாகக் கிடையாது. ஆகவே பகல்நேர வேலையைத் தொடர்வது கடினம். மாலை அல்லது வார இறுதி ஷிப்ட் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற முன்பாடங்களை வேலையில் இருந்தபடியே ஓராண்டு முன்னதாக முடித்துவிட்டால் இழப்பு குறையும். ஆனால் இரண்டாண்டு என்பது மூன்றாண்டாகும். இடங்கள் குறைவு என்பதால் காத்திருப்புப் பட்டியலும் இருக்கலாம். அந்தக் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

இனி வருமானம். 2023இல் முழுநேரம் உழைத்த, 25 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களில் அசோசியேட் பட்டம் மட்டும் உள்ளவர்களின் வாரச் சம்பளத்தின் நடுமதிப்பு 1,058 டாலர். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு 899. இளங்கலைப் பட்டதாரிகளுக்கு 1,493. தங்களுடைய வாரச் சம்பளமான 800 டாலரோடு ஒப்பிட்டால் வாரத்துக்கு 258, ஆண்டுக்கு 13,416 டாலர் கூடுதல். இந்த வேகத்தில், வேலையை முழுவதும் விட்டுப் படித்தால் போட்ட பணம் திரும்ப ஆறரை ஆண்டு ஆகும். பாதி நேர வேலையோடு படித்தால் மூன்றே கால் ஆண்டு போதும். வரியும் புத்தகச் செலவும் நீங்கலாகப் போட்ட கணக்கு இது.

ஆனால் 1,058 என்பது எல்லாத் துறைகளையும் கலந்த எண். பற்களைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட் பணிக்கும் பொதுவாக அசோசியேட் பட்டமே தேவை. அதன் ஆண்டுச் சம்பள நடுமதிப்பு 2023இல் 87,530 டாலர். உரிமம் எதற்கும் வழிகாட்டாத பொதுப்படிப்பில் வாங்கிய அதே பட்டம் கிடங்கிலேயே நிறுத்திவைக்கலாம். எக்ஸ்ரே படிப்பு உரிமத்தை நோக்கியது என்பதால் நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: எக்ஸ்ரே படிப்புகளின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. என்ற அமைப்பின் அங்கீகாரம் அதற்கு இருக்க வேண்டும். அந்த அமைப்பு, ஒவ்வொரு படிப்பிலும் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் உரிமத் தேர்வில் முதல் முயற்சியில் தேறினார்கள், எத்தனை பேர் ஓராண்டுக்குள் வேலை பெற்றார்கள் என்ற விகிதங்களை வெளியிடச் செய்கிறது. முடித்தவர்களின் விகிதத்தை முதலில் பாருங்கள். பாதியில் விட்டவருக்குச் செலவு முழுதும் உண்டு, உரிமம் இல்லை.

கேள்வி: என் மகன் டெக்சாஸில் பள்ளி முடிக்கிறான். செலவைக் குறைக்கச் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்கிறான். சரிதானா, ஐயா?
— ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: எந்தப் பட்டம் என்பதைப் பொறுத்தது, அம்மா. அப்ளைட் சயின்ஸ் என்று பெயர் முடியும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அதில் பொதுப்பாடங்கள் சுமார் 15 கிரெடிட் (யூனிட் போன்ற பாட அலகு) அளவே இருக்கும், கால்குலஸ் பெரும்பாலும் இராது. அதை முடித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனால் தங்கள் மகன் ஏறக்குறைய முதலாண்டிலிருந்து தொடங்க நேரிடும். அப்போது மிச்சப்படுத்தியதாக நினைத்த பணம் கூடுதல் ஆண்டுகளில் கரைந்துவிடும். மாறாக, மாநிலம் வகுத்த 42 கிரெடிட் அடிப்படைப் பாடங்கள் அங்குள்ள அரசுக் கல்லூரிகளுக்கிடையே செல்லுபடியாகும். அவற்றையும் கால்குலஸ், இயற்பியல் பாடங்களையும் சமுதாயக் கல்லூரியில் படிப்பது நல்ல வழி. எந்தப் பாடங்களை ஏற்றுக்கொள்வார்கள் என்பதைச் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடமே முதல் பருவத்துக்கு முன்பு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.