ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் குளிர்காய்ச்சல்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடான் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு லீவில் வந்திருக்கிறார். ஒரு மாதம் ஆகிறது. அங்கே தினமும் போட்ட மலேரியா மாத்திரையை வந்ததுமே நிறுத்திவிட்டார். போன வாரம் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதில் நின்று, நேற்று மறுபடி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். முகம் கறுத்திருக்கிறது, முடி கொட்டுகிறது, விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். யூடியூபில் எபோலா பற்றிப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது டாக்டர். குழந்தையை அவர் பக்கத்தில் படுக்க வைக்கலாமா?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: தாராளமாகப் படுக்கட்டும் அம்மா. எபோலா தொற்றியிருந்தால் 21 நாளுக்குள் காட்டியிருக்கும்; அவர் வந்தே ஒரு மாதம். யூடியூபை மூடுங்கள்.

அந்தக் குளிர்நடுக்கத்தைத்தான் சும்மா விட முடியாது. மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லும்வரை அதை மலேரியா என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

தெற்கு சூடானில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை மலேரியா. மூளையையும் சிறுநீரகத்தையும் ஓரிரு நாளில் கவிழ்த்துவிடக்கூடியது. முகாமில் கொசுவலை, மாலையானால் முழுக்கைச் சட்டை என்று கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. காவல் கோபுரத்தில் இரவெல்லாம் நிற்கிறவருக்குக் கொசுவலை என்ன செய்யும்? அதற்காகத்தான் மாத்திரை. தினமும் போடுவது என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளினாக இருக்கும். அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகும் நான்கு வாரம் அதைப் போட வேண்டும். கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமி ரத்தத்துக்கு வரும்போது பிடிக்கத்தான் அந்த நான்கு வாரம். வீட்டுச் சாப்பாடு கிடைத்ததும் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பதை இப்போது எடுத்துப் போட வேண்டாம். வந்த காய்ச்சலுக்கு அது மட்டும் போதாது.

"நாம பார்க்காத கொசுவா" என்று அவர் சொல்லக்கூடும். கும்பகோணத்துக்கு யானைக்கால் பெயர் வாங்கித் தந்த கொசு வேறு, மலேரியாக் கொசு வேறு. நம்மூர்க் கொசுக்கடியில் வளர்ந்தது இதற்குக் கவசம் ஆகாது.

எனக்கு இன்னொரு கவலை. டெல்டாவில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது டெங்கு, அடுத்து வயலில் இறங்குகிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல். மலேரியா இங்கே அபூர்வமாகிவிட்டது. ஆனால் டெங்குவில் போலவே மலேரியாவிலும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். எண்ணிக்கை குறைந்த ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது டெங்கு என்று சொல்ல, நீங்கள் பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால் ஓ.பி. சீட்டு எழுதும்போதே சொல்லுங்கள்: "தெற்கு சூடானிலிருந்து ஒரு மாதத்துக்கு முன் வந்தார், மாத்திரையைப் பாதியில் விட்டார், மலேரியா பாருங்கள்." அரசு மருத்துவமனையில் ரத்தத் தடவல் (மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை) இலவசம்தான். ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள்; காய்ச்சல் இருந்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுத்துப் பார்க்க வேண்டும். பிதற்றல், மயக்கமான தூக்கம், அடங்காத வாந்தி, கறுத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள், மூச்சிரைப்பு இதில் எது வந்தாலும் நேரே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவு என்று பார்க்காதீர்கள்.

மெடிக்கல்காரர் கொடுத்தது எதுவென்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் பாரசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது. இடையில் காய்ச்சல் விட்டதை வைத்துக் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். குளோரோகுயினும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்துக்கு அதை நம்ப முடியாது.

முகம் கறுத்தது வெயிலாலும் டாக்ஸிசைக்ளினாலும் இருக்கலாம். அந்த மாத்திரை போட்டால் வெயில் கூடுதலாகச் சுடும். முடி வளர்ந்துவிடும். மூன்று மணிக்கு விழிப்பது இரவுக் காவல் பழக்கிவிட்ட பழக்கமாக இருக்கலாம். கெட்ட கனவு, காரணமில்லாத கோபம் என்று சேர்ந்து நீடித்தால் அவர்களுடைய ராணுவ மருத்துவமனையிலேயே அதற்கு மருத்துவர் உண்டு. வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அது அடுத்த மாதக் காரியம். மலேரியா இல்லை என்று தெரியும்வரை அவரைக் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள்.

நிலவேம்பு கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து குடிக்கட்டும்.